தோல் சுருளில் உள்ளதெல்லாம் நடந்ததல்ல: எசெக்ஸ் குற்ற வழக்குப் பதிவுகளோடு ஓர் ஆண்டு

முதுகலை வரலாறு படிக்க இங்கிலாந்து போனபோது என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது, முதலாம் ஜேம்ஸ் காலத்தில் (1603–1625) எசெக்ஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) நடந்த திருட்டு வழக்குகள். லண்டனுக்குக் கிழக்கே, வயலும் ஆட்டுப்பட்டியுமாக இருந்த பகுதி. பரபரப்பான கதைகள் கிடைக்கும் என்று போனேன். கிடைத்தது கோழி, ஆடு, போர்வை, கம்பளித்துணி. அதிலும் முதல் நான்கு மாத உழைப்பு வீண். அது ஏன் என்று சொன்னால், இதே வகை ஆவணத்தில் கை வைக்கப்போகும் மாணவர் யாருக்காவது அந்த நான்கு மாதம் மிஞ்சும்.

எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய குற்றங்களை விசாரிக்க நீதிபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றி வருவார்கள், அது அசைஸ். எசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், கென்ட், சர்ரே, சசெக்ஸ் ஐந்தும் சேர்ந்த சுற்றுக்கு ஹோம் சர்க்யூட் என்று பெயர். அதன் குற்றப்பத்திரிகைகள் 1559இலிருந்து லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளான ஜஸ்டிஸ்கள் ஆண்டுக்கு நான்கு முறை கூடி விசாரித்தது குவார்ட்டர் செஷன்ஸ். (நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டின் பெயரும் இந்த மரபில் வந்ததுதான்.) அதன் பதிவுகள் அடங்கிய தோல் சுருள்கள் செம்ஸ்ஃபோர்டிலுள்ள எசெக்ஸ் காப்பகத்தில், 1556 முதல். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'எசெக்ஸில் குற்றம் இவ்வளவு' என்று எழுதினால் பாதிப் படம்தான்.

லத்தீன் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். 1733 வரை, இடையில் 1650களைத் தவிர, எல்லாம் லத்தீன்தான். ஆனால் வாசகங்கள் திரும்பத் திரும்ப அதேதான். ஜே. எஸ். காக்பர்ன் இந்தக் காலத்து ஹோம் சர்க்யூட் குற்றப்பத்திரிகைகளை ஆங்கிலச் சுருக்கங்களாகப் பதிப்பித்திருக்கிறார். பதிப்பையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஐம்பது குற்றப்பத்திரிகை படியுங்கள், கண் பழகிவிடும்.

சரி, என் தவறுக்கு வருகிறேன். குற்றஞ்சாட்டப்பட்டவரின் தொழில், ஊர் இரண்டையும் அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வந்தேன். எங்கு பார்த்தாலும் 'லேபரர்'. 'திருடியவர்களில் பெரும்பாலோர் கூலியாட்கள்' என்று பெருமையாக ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிணைப்பத்திரங்களைப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால், குற்றப்பத்திரிகையில் லேபரர் என்றிருந்த ஒருவர் பிணைப்பத்திரத்தில் நெசவாளர், ஊரும் வேறு. பெயரோடு தகுதியையும் ஊரையும் எழுதியே ஆக வேண்டும் என்பது 1413ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் எழுத்தர் ஏதோ ஒன்றை எழுதிக் கட்டத்தை நிரப்பிவிடுவார். குற்றம் நடந்த ஊரையே குடியிருந்த ஊராகவும் போட்டுவிடுவார். கணவன் உயிரோடு இருக்கும் பெண்கூட 'ஸ்பின்ஸ்டர்', அதாவது மணமாகாதவள், ஆகிவிடுவாள். பிணைப்பத்திரத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஆள் வராவிட்டால் பணம் வசூலிக்க வேண்டுமே!

அந்த அத்தியாயம் குப்பைக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு பார்த்தேன். கோழி திருடியவன்மீதும் 'பலாத்காரமாக, ஆயுதத்தோடு' என்றிருக்கும். அது வெறும் வாய்பாடு. கொலை வழக்கில் 'சாத்தானின் தூண்டுதலால்' என்று வருவதை வைத்து அந்தக் கொலையாளியின் மதநம்பிக்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடாதீர்கள்.

களவுபோன பொருளின் விலை இன்னும் சுவையானது. மதிப்பு ஒரு ஷில்லிங்கை, அதாவது 12 பென்ஸைத் தாண்டினால் பெருந்திருட்டு, தூக்குத்தண்டனைக்குரியது. ஆகவே ஜூரிகள் அடிக்கடி விலையை 10 பென்ஸ் என்று குறைத்து, கசையடியோடு விட்டுவிடுவார்கள். இதை வைத்து விலைவாசி ஆய்வு செய்யக் கிளம்பினால் கதை கந்தல்தான். பெருந்திருட்டு என்றே முடிவானாலும், வாசிக்கத் தெரிந்தவரைப் பாதிரியாராகக் கருதும் பழைய சலுகை ஒன்று வழியாக இருந்தது. பைபிளிலிருந்து ஒரு வசனம், வழக்கமாக 51ஆம் சங்கீதம், வாசித்துக் காட்டினால் முதல் குற்றத்துக்குக் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடலாம். குற்றப்பத்திரிகையின் மேல் 'லெஜிட்' என்ற குறிப்பு இருந்தால் 'வாசித்தான்' என்று பொருள். வசனம் எதுவென்று ஊருக்கே தெரியும், மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். அதை எண்ணி எழுத்தறிவு விகிதம் கண்டுபிடிக்கவும் முடியாது.

தேதியிலும் ஒரு முறை சறுக்கினேன். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்குவது மார்ச் 25இல். 1607 பிப்ரவரி என்று அவர்கள் எழுதியது நம் கணக்கில் 1608. பிப்ரவரி, மார்ச்சில் கூடும் தவக்கால அசைஸ்களுக்கு இது முக்கியம். அட்டவணையில் ஆண்டுக்கு இரண்டு பத்தி வையுங்கள்: அவர்கள் எழுதியபடி ஒன்று, நம் கணக்குப்படி ஒன்று.

கடைசியில் நான் ஆய்வேட்டையே திருப்பிப் போட்டேன். யார் திருடினார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்தெந்த வழக்கில் ஜூரி விலையைக் குறைத்தது என்று கேட்டேன். குற்றப்பத்திரிகையில் எழுதிய விலை, தீர்ப்பில் வந்த விலை, பிணைப்பத்திரத்தில் உள்ள தொழில் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்ததும் வேலை தானாக நகர்ந்தது. பெருந்திருட்டு அசைஸுக்குப் போனதால் இதற்காகக் கியூவுக்கும் செம்ஸ்ஃபோர்டுக்கும் மாறி மாறி அலைய வேண்டியிருந்தது. ரயில் டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.