14 பேரிலிருந்து 120 பேர் வரை

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிப்பை முடித்து, 2021ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, அங்கே என்னோடு சேர்த்து 14 பேர்தான் இருந்தோம். கொரோனாக் காலமென்பதால் முரசுமோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்தே வேலை செய்தேன்.

சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே, வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பகுதியின் தரவுத்தளத்தை முழுவதுமாக என்னிடம் ஒப்படைத்தார்கள். என் திறமையைக் கண்டல்ல, வேறு ஆள் இல்லாததால். பெரிய நிறுவனமொன்றில் சேர்ந்த என் வகுப்புத் தோழர்கள் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதற்கு நான்கு பேரின் அனுமதிக்காகக் காத்திருந்த அதே நாட்களில், நான் நள்ளிரவில் சேர்வர் விழுந்ததையும் அதை எழுப்பியதையும் விடியற்காலையில் காரணம் கண்டுபிடித்ததையும் தனியே அனுபவித்துக் கற்றேன். அந்தக் கல்விக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். தூக்கம் போனது உண்மைதான்.

சம்பளத்தையும் மறைப்பதற்கில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டபின் அப்பாவின் வயல் விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியது. எங்கள் வருமானம் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து டொலரில் வந்ததால் நிறுவனம் சம்பளத்தை உயர்த்தியது, வீடு தாக்குப்பிடித்தது.

அதன் பிறகுதான் முதலீடு வந்தது, ஆட்களும் வந்தார்கள். 14 பேர் இருக்குமிடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 91; 120 பேர் ஆகும்போது அது 7,140. என் நாளின் பாதியை இணையவழிக் கூட்டங்கள் தின்றது ஏனென்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. பழைய ஆட்களுக்கு மட்டும் தெரிந்த விடயங்கள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. புதியவர்கள் கேட்கக் கேட்க, நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம், வேலை அப்படியே கிடந்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் எங்கள் வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தைப் பற்றிப் பேசினார். மழை குறைந்த காலப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாமென்று முடிவெடுப்பார்கள். “உங்கட ஆக்கள் தண்ணி பாக்காமலே விதைக்கினமோ?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, ஏனெனில் நிறுவனத்தின் கையிருப்பு எத்தனை மாதங்களுக்குப் போதுமென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பங்குகளும் தந்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரித்தாகும், முதலாண்டுக்குள் விலகினால் ஒன்றுமில்லை என்ற வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு புதிய முதலீட்டுக்கும் புதிய பங்குகள் வெளியிடப்படும்போது என் விகிதம் சுருங்குமென்பதும், நிறுவனம் விற்கப்பட்டால் பெரும்பாலும் முதலீட்டாளருக்கே முதலில் பணம் போகுமென்பதும் கையெழுத்திட்ட நாளில் எனக்குத் தெரியாது. மாதந்தோறும் முதலாளி 12 வீதமும் நான் 8 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதியைத்தான் அம்மா சொத்தென்று எண்ணுகிறார். அவர் எண்ணுவது சரிதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட 45 பேரின் மின்னஞ்சல் கணக்குகள் மூடப்பட்டிருந்தன. அவர்களில் இருவரை நானே நேர்முகத் தேர்வு செய்து, “வாருங்கள், வளரும் இடம்” என்று அழைத்திருந்தேன். ஒருவர் பழைய வேலையை விட்டு வந்தவர். அவருக்குத் தொலைபேசி எடுக்க எனக்கு நான்கு நாட்களாயின.

இப்போது அறிவியல் நகர் மாணவர்கள் ஆலோசனை கேட்டால், சேருங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் நேர்முகத் தேர்வில் கையிருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சேருங்கள் என்கிறேன். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பணம் செலுத்தும் பகுதியின் தரவுத்தளம், அதைப் பார்த்துவந்த மூவரும் போய்விட்டதால், மறுபடியும் என்னிடமே வந்திருக்கிறது.