தூங்க மறுக்கும் கைபேசி

ஜூன் 4

இந்தப் பழைய கைபேசி, வன்பொருளை இயக்கும் மைய மென்பொருளான லினக்ஸ் கெர்னலின் 3.18 பதிப்போடு வந்தது, அதில் புதிய 6.6ஐ ஓட்டுவதே என் வேலை. தயாரிப்பு நிறுவனம் மூலநிரலை வெளியிட்டிருக்கிறது என்றாலும், மாற்ற வரலாறு எதுவுமின்றி ஒரே பொட்டலமாகக் கட்டித் தந்திருப்பதால், எந்த வரியை யார், எதற்காகத் திருத்தினார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே பழையதை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பான டிவைஸ் ட்ரீயைப் புதிதாக எழுதத் தொடங்கினேன். மேசைக் கணினியின் பிசிஐ இணைப்பில் செருகிய அட்டை தான் யாரென்று கேட்டால் சொல்லிவிடும். கைபேசிக்குள் சில்லுகளை இணைக்கும் ஐ2சி கம்பியில் தொங்கும் சில்லு வாய் திறக்காது. அதன் முகவரி, மின்வழங்கி, கெர்னலின் கவனத்தை அழைக்கும் இன்டரப்ட் கம்பி எல்லாவற்றையும் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 9

கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடர் தன் சின்னத்தை வரைந்த நினைவகப் பகுதியையே தனக்கும் திரையாக எடுத்துக்கொள்ளும்படி டிவைஸ் ட்ரீயில் கெர்னலுக்குச் சொன்னேன். சின்னத்தின் மேலேயே வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஐந்து நாள் கருந்திரையைப் பார்த்தவனுக்கு அது போதும்.

ஜூன் 17

கெர்னல் ஓடுகிறது, ஆனால் தூங்க மறுக்கிறது. இது பழைய வழக்கு. லினக்ஸ் 1991இல் மேசைக் கணினியில் பிறந்தது. தூங்கச் சொல்லும்வரை விழித்திருப்பது அதன் இயல்பு. ஆண்ட்ராய்டுக்கோ யாரும் பிடித்து நிறுத்தாவிட்டால் உடனே தூங்கிவிடும் கெர்னல் தேவைப்பட்டது. அதற்காக எழுதப்பட்ட, தூங்கவிடாமல் பிடித்து நிறுத்தும் பூட்டான வேக்லாக் முறையை மூலக் கெர்னலின் பராமரிப்பாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. நீண்ட சச்சரவுக்குப் பின், 2012இல் வந்த 3.5இல்தான் தானாகத் தூங்கும் வசதி வேறு வடிவில் சேர்ந்தது. மறுத்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் ஒருமுறை உள்ளே விட்ட இடைமுகத்தைப் பிறகு வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 18

எது எத்தனை முறை கெர்னலை எழுப்பியது என்று காட்டும் விழிப்பு மூலங்களின் பட்டியலைத் திறந்தேன். மற்ற வரிசைகளில் ஒற்றை இலக்கம். தொடுதிரைக்கு நேரே மட்டும் 4,116. உறக்கத்தின்போது தொடுதிரையின் மின்சாரம் அணைந்ததும் அதன் இன்டரப்ட் கம்பி தாழ்நிலைக்குச் சரிகிறது. யாரோ தொட்டுவிட்டதாக எண்ணிக் கெர்னல் எழுந்து, ஒருவரையும் காணாமல் மறுபடி படுத்து, மறுபடி எழுகிறது. தொடுதிரைக்கு எழுப்பும் உரிமை தந்த வரி, வேறொரு கைபேசியின் கோப்பிலிருந்து நானே யோசிக்காமல் நகலெடுத்தது. அதை நீக்கினேன்.

ஜூன் 21

நேற்றிரவு 11 மணிக்கு மின்கலத்தில் 94 சதவீதம், காலை ஆறு மணிக்கு 91. ஆனால் தனிச் செயலியில் தன் சொந்த மென்பொருளோடு ஓடி, அழைப்புகளைக் கையாளும் மோடத்தை நான் இன்னும் எழுப்பவே இல்லை. எனவே இது இப்போதைக்குப் பேசாத பேசி.