சத்தியமா இதுதான் கடைசி

சிகரெட்டை இதுவரை பதினோரு தடவை விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, மகள் பிறந்த அன்றைக்கு. தேதி அம்சமாக இருந்தால்தான் எனக்கு விட மனசு வரும். இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது, இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ ஸ்வேவோவின் நாவல் நாயகன் ஜீனோவைப் படிக்கும்வரை.

அவனும் தேதி பார்த்துத்தான் விடுவான். 1899, ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் தேதி. அப்புறம் 1901, முதல் மாதம், முதல் தேதி. ஒரு அறையில் சுவர்த்தாள் முழுக்கத் தேதியாக எழுதித் தள்ளி, பிறகு அதைப் பார்க்கச் சகிக்காமல் அறையையே காலி செய்துவிட்டுப் போகிறான். கடைசி சிகரெட் என்று நினைத்து இழுத்தால் ருசி கூடுகிறதாம். உண்மைதான். ராத்திரி ஒரு மணிக்கு நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

ஸ்வேவோ என்பது புனைபெயர். ஆள் த்ரியெஸ்த் துறைமுகத்துக்காரர், எத்தோரே ஷ்மிட்ஸ். பதினெட்டு வருஷம் வங்கிக் குமாஸ்தா. 1892இலும் 1898இலும் கைக்காசு போட்டு இரண்டு நாவல் அச்சடித்தார், சீந்த நாதியில்லை. மாமனார் கம்பெனிக்குப் போனார். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசுகிற பெயிண்ட் அவர்களுடையது. இலக்கியம் என்கிற அந்தக் கேலிக்குரிய, கேடு பிடித்த சமாச்சாரத்தை வாழ்க்கையிலிருந்து ஒழித்தாயிற்று என்று 1902 டிசம்பரில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். இதுவும் ஒரு கடைசி சிகரெட்தானே!

விட்டாரா? எங்கே! லண்டன் பக்கம் சார்ல்டனில் இருந்த தொழிற்சாலைக்குப் போய்வர ஆங்கிலம் வேண்டியிருந்தது. 1907இல் ட்யூஷன் வைத்துக்கொண்டார். வாத்தியார் ஜேம்ஸ் ஜாய்ஸ், பின்னாளில் பெரிய எழுத்தாளராகப் பேர் வாங்கிய ஐரிஷ்காரர், அப்போது காசுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த இளைஞர். பழைய நாவல்களை மெல்ல அவரிடம் நீட்டினார் மாணவர். ஜாய்ஸ் சில பகுதிகளை மனப்பாடமாகவே சொன்னாராம். பெயிண்ட் வியாபாரிக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜீனோ நாவல் வந்தது 1923இல், அவருடைய 61 வயதில். இத்தாலியில் மறுபடியும் கப்சிப். ஜாய்ஸ்தான் பாரிஸில் நாலு பேரைப் படிக்க வைத்தார். 1925இல் இத்தாலியக் கவிஞர் மொந்தாலே இவரைப் பற்றி எழுதிய பிறகு உள்ளூரிலும் அசைந்தது. அந்தப் புகழை அனுபவித்தது மூன்றே வருஷம்.

1928 செப்டம்பரில் கார் விபத்து. மரணப் படுக்கையில் கிடந்தபடி ஒரு சிகரெட் கேட்டிருக்கிறார். தரவில்லை. "இது நிஜமாகவே கடைசியாக இருந்திருக்கும்" என்றாராம்.

நான் பக்கத்தில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.