கச்சானில் கைநழுவிய மேட்ச்: கீப்பரைத் திட்டுமுன் பார்க்க வேண்டியவை

இடைவேளை வரை 1-0 என்று முன்னால் இருந்த காலேஜ் ஃபுட்பால் டீம், 1-2 என்று தோற்றால் யாருக்கும் மனசு ஆறாது. சொந்த மைதானத்தில், அதுவும் சீசன் பாதியில், மூன்றில் இரண்டு ஜெயித்து நல்ல இடத்தில் இருக்கும்போது தோற்றால் இன்னும் எரியும். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் கீப்பர் தம்பியைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். அவனை விட்டால் லைன்ஸ்மேன், அவரையும் விட்டால் கோச். கோபம் நியாயம். ஆனால் போய் விழுகிற இடம் தப்பு. இந்த மேட்ச்சில் பாதி, டாஸ் போட்ட இடத்திலேயே போய்விட்டது.

நம் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பொதுவாக வடக்கு தெற்காகப் போடுவதுதான் நல்லது, அப்போதுதான் சாயங்கால வெயில் எந்தக் கீப்பர் கண்ணிலும் நேராக விழாது. இங்கே கட்டடமும் ரோடும் விட்ட இடத்தில் கோல் போஸ்ட் நட்டிருக்கிறார்கள், அதை இப்போது மாற்ற முடியாது. காற்று கச்சான். மேற்கும் தென்மேற்குமாக, மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று. ஆகவே 3.30 மணி மேட்ச்சில் இரண்டாவது பாதி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 4.30க்குத் தொடங்கி 5.15 வரை, மேற்கே பார்த்து ஆடுகிற டீமுக்கு முகத்தில் காற்று, கண்ணில் வெயில், காலில் களைப்பு, மூன்றும் சேர்ந்து வரும்.

டாஸ் ஜெயித்த நம் கேப்டன் முதல் பாதியில் காற்றை முதுகுக்கு எடுத்துக்கொண்டான். 2019இல் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு டாஸ் ஜெயித்தவர் எந்தப் பக்கம் தாக்குவது என்று சொல்லலாம், இல்லையென்றால் கிக்-ஆஃபை எடுத்துக்கொள்ளலாம். அவன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. தேர்ந்தெடுத்த பக்கம்தான் தப்பு. முதல் பாதியில் மேற்கே பார்த்து ஆடியிருந்தால் வெயில் உச்சியை விட்டு அவ்வளவாக இறங்கியிருக்காது, கால் புதுசாக இருந்திருக்கும், 0-0 என்று இழுத்துப் பிடித்திருந்தாலே போதும். அப்புறம் காற்றையும் வெயிலையும் எதிராளி முகத்தில் திருப்பிவிட்டிருக்கலாம்.

“சாயங்காலம் காற்று விழுந்துவிடும், அதனால் முதலிலேயே வாங்கிக்கொள்வதுதான் புத்தி” என்று குரூப்பில் சிலர் எழுதியிருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் மத்தியானம் எழும்பிப் பொழுது சாயச் சாய அடங்குகிற கடல்காற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஆடி, ஆவணிக் கச்சான் அப்படி ஐந்து மணிக்கு அடங்குகிற ரகம் இல்லை. ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் கணக்கு மறுபடி மாறும். அப்போது மேற்கே பார்த்து ஆடுபவருக்கு வெயில் கண்ணில் அடித்தாலும் காற்று முதுகைத் தள்ளும். வெயிலா காற்றா, எது பெரிது என்று அன்றைக்கு மூன்று மணிக்கு மைதானத்தில் நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கார்னர் கொடி எந்தப் பக்கம், எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சரி, காற்று முதுகில் இருந்த 45 நிமிடத்தில் என்ன செய்தோம்? அந்த ஒரு கோல், இருபது இருபத்தைந்து மீட்டரிலிருந்து தாழ்வாக அடித்த ஷாட்டில் வந்தது. கீப்பருக்கு முன்னால் ஒரு தரம் தரையில் பட்டு, காற்றில் வேகம் குறையாமல் உள்ளே போனது. காற்று பின்னால் இருக்கும்போது அடிக்க வேண்டிய அடி அதுதான். அதே மாதிரி இன்னும் நாலைந்து அடித்திருந்தால் ஒன்றாவது கீப்பர் கையில் பட்டுச் சிதறியிருக்கும். அதை விட்டுவிட்டு விங்கில் ஓடுகிறவனுக்கு முன்னால் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். காற்று அதைப் பிடித்துக்கொண்டு கோல் லைனைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தது. ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு கோல் கிக், நம் ஆள் முப்பது மீட்டர் வீண் ஓட்டம். கேலரியிலிருந்து நாமும் “மாப்ள, தூக்கிப் போடுடா!” என்றுதான் கத்தினோம். காற்று பின்னால் இருக்கும்போது பந்தைக் காலுக்குக் கொடுக்க வேண்டும், ஆளுக்கு முன்னால் இருக்கிற காலி இடத்துக்கு இல்லை.

இனி எதிராளியின் முதல் கோல். அவர்கள் சைடு லைனிலிருந்து எறிந்த நீளமான த்ரோ. காற்று அவர்கள் பக்கம், பந்து நேராகப் பெனால்டி பாக்ஸுக்குள் வந்து இறங்கியது. கோலுக்கு முன்னால் நடுவில் தடுத்தாடுகிற நம் இரண்டு சென்டர் பேக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பின்னால் தனியாக நின்றவன் நெஞ்சில் வாங்கி அடித்தான். மைதானமே “ஆஃப்சைடு”, அதாவது நம் பேக்குகளைத் தாண்டிக் கோல் பக்கம் நின்று பந்து வாங்கிவிட்டான் என்று அலறியது, லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. த்ரோ, கோல் கிக், கார்னர் கிக் இந்த மூன்றிலிருந்தும் நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. த்ரோவை முன்னால் நிற்கிற ஒருவன் தலையால் தட்டிவிட்டு, அது பின்னால் நிற்பவனுக்குப் போனால்தான் கதை வேறு. அப்போது தலையில் பட்ட அந்த நொடியில் பின்னால் நின்றவன் எங்கே இருந்தான் என்று பார்ப்பார்கள். சனிக்கிழமை நடுவில் யார் தலையும் படவில்லை. ஆகவே இந்தக் கோலுக்குக் காரணம் தூக்கிய கைகள்தான். விசில் வராதவரை ஓட வேண்டும், கையைத் தூக்குவது பேக்கின் வேலை இல்லை. நீள த்ரோ வரும்போது எறிகிறவனுக்கு முன்னால், விதி சொல்கிற 2 மீட்டர் தள்ளி, ஒருவன் நின்று குதித்தாலே பந்தின் பாதை தாழாது. அங்கே ஆளே இல்லை.

இரண்டாவது கோலுக்குத்தான் கீப்பரைத் தூக்கில் போடுகிறார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவர்கள் கார்னர். காற்று மைதானத்திலிருந்து நம் கோலை நோக்கி அடிக்கிறது, அதாவது கோல் லைனுக்குச் செங்குத்தாக. இந்த நிலையில் மேலே தூக்கி அடிக்கிற எந்தக் கார்னரும் பறக்கப் பறக்கக் கோல் பக்கமே ஒதுங்கும். வெளியே வளைகிற பந்து நேராகிவிடும், உள்ளே வளைகிற பந்து கோலுக்குள்ளேயே விழப் பார்க்கும். தம்பி வழக்கம்போல கோலுக்கு முன்னால் இருக்கிற 5.5 மீட்டர் கோட்டுக்குக் கிட்டே வந்து நின்றான். காற்றில்லாத நாளில் அது நல்ல இடம், இரண்டு எட்டு வைத்துக் குத்திவிடலாம். சனிக்கிழமை அவன் கைக்கு வர வேண்டிய பந்து தலைக்கு மேலே பின்னோக்கி நகர்ந்தது. அவன் பின்னங்காலில் ஓடும்போது, எதிராளி கோல் வாயில் நின்று நெற்றியால் தள்ளினான். இதில் வெயிலைக் குறை சொல்ல முடியாது, கார்னர் அடிக்கிறவனைப் பார்க்கும்போது வெயில் கீப்பருக்குப் பக்கவாட்டில்தான் இருக்கும்.

சரியான ஏற்பாடு என்ன? காற்று கோலுக்குள் அடிக்கும்போது கீப்பர் லைனிலிருந்து ஒரு எட்டுக்கு மேல் வரக்கூடாது. முன்னால் வந்து விழுகிற பந்துக்கு ஓடுவது சுலபம், பின்னால் போகிற பந்தைத் துரத்துவது முடியாத காரியம். இரண்டு போஸ்ட்டிலும் ஒவ்வொரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும், உட்பக்கம் போஸ்ட்டை ஒரு கையால் தொட்டபடி. கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். போஸ்ட்டில் ஆள் நின்றால் கீப்பர் நடுவை மட்டும் பார்த்துக்கொள்வான். சனிக்கிழமை இரண்டு போஸ்ட்டும் காலி. எதிர்த்தாக்குதலுக்கென்று மூன்று பேரை நடுக்கோட்டில் நிறுத்தியிருந்தோம். அந்தக் காற்றில் அவர்களுக்குப் பந்து போய்ச் சேரவே சேராது. இந்த ஏற்பாட்டைக் கீப்பர் தனியாக முடிவு செய்வதில்லை, அது பெஞ்சிலிருந்து வர வேண்டிய சொல்.

இந்த இரண்டு கோலையும்விட என்னை அதிகம் உறுத்தியது கோல் கிக். இரண்டாவது பாதி முழுக்கக் கீப்பர் ஓடி வந்து பலமாகத் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தான். எதிர்க்காற்றில் அந்தப் பந்து மேலே ஏறி, அப்படியே தொங்கி, நடுக்கோட்டைத் தொடாமல் செங்குத்தாக இறங்கும். கீழே நிற்கிற எதிராளி முகத்துக்கு நேரே வருவதால் அவனுக்கு அது சுலபமான ஹெட்டிங். நம் ஆள் அவனுக்கு முதுகைக் காட்டியபடி குதிக்க வேண்டும். அடித்தது நாம், கிடைத்தது அவர்களுக்கு, திரும்ப நம் பாக்ஸுக்கு. நாற்பது நிமிடம் இதுவே ஓடியது.

இதற்கும் 2019 விதி ஒரு வழி வைத்திருக்கிறது. கோல் கிக் பந்து இப்போது பாக்ஸுக்கு வெளியே போக வேண்டியதில்லை, உதைத்துத் தெளிவாக நகர்ந்தாலே ஆட்டத்தில் சேர்ந்துவிடும். நம் ஆள் பாக்ஸுக்குள்ளேயே நின்று வாங்கலாம், எதிராளி அதுவரை வெளியேதான் நிற்க வேண்டும். இரண்டு சென்டர் பேக்கும் பாக்ஸின் இரண்டு ஓரத்துக்கு விரிந்து நிற்கட்டும். கீப்பர் ஒருவனுக்குத் தரையோடு கொடுக்கட்டும். அவன் இரண்டாவது தொடுதலிலேயே சைடு லைன் ஓரமாக நிற்கிற பேக்குக்கோ நடுக்களத்தில் ஆடுகிற ஹாஃபுக்கோ நகர்த்தட்டும். ஒரு எச்சரிக்கை: நம் மைதானத்தில் கோல் வாய்க்கு முன்னால் மண் பொதபொதவென்று இருக்கிறது, மெதுவாகத் தள்ளிய பாஸ் அங்கேயே நின்றுவிடும். பாதத்தின் உட்பக்கத்தால் அழுத்தி, புல்தரையில் கொடுப்பதைவிடக் கூடுதல் பலத்தோடு கொடுக்க வேண்டும். பயிற்சியில் இதைச் செய்து பழகாமல் மேட்ச்சில் முயன்றால் அதுவே இன்னொரு கோலாகிவிடும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் இருபது இருபது நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். எதிரே இரண்டு பேரை நெருக்கவிட்டு, காற்றுக்கு எதிராக மட்டும்.

பந்தை மாற்றியதால்தான் தோற்றோம் என்றும் ஒரு பேச்சு. வேலி ஓரச் சீமைக்கருவேல முள் குத்திப் பந்து இறங்கியது உண்மை, ரெஃப்ரி நிறுத்தி வேறு பந்து வாங்கி டிராப் பால் போட்டுத் தொடங்கியதும் முறைதான். மாற்றுப் பந்து கல்லு மாதிரி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை காற்றழுத்தம் இருக்கலாம், எடை 410 முதல் 450 கிராம். காலையில் அடித்துவிட்டு வெயிலில் போட்டுவைத்த பந்தில் அழுத்தம் ஏறிவிடும். சொந்த மைதானத்தில் மாற்றுப் பந்து கொடுப்பது நாம், அதை நிழலில் வைத்து, மேட்ச்சுக்கு முன் கேஜ் வைத்துப் பார்ப்பதும் நம் பொறுப்பு. ஊசியை நனைக்காமல் வால்வில் குத்தினால் வால்வு கிழிந்து மெதுவாகக் கசியும், ஒரு சொட்டு கிளிசரின் போதும்.

கோச் 70ஆவது நிமிடத்தில் நடு ஹாஃபை எடுத்துவிட்டு ஃபார்வர்டைப் போட்டதுதான் கடைசிப் புகார். 1-1இல் ஜெயிக்கப் பார்த்தார், அந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆளை மாற்றியது தாமதம், மாற்றிய இடமும் தப்பு. எதிர்க்காற்றில் மூன்றாவது ஃபார்வர்டுக்குப் பந்தே வராது. தலையில் பட்டுக் கீழே விழுகிற பந்தைப் பொறுக்குவதற்கு நடுவில்தான் ஆள் வேண்டும். 60ஆவது நிமிடத்திலேயே இரண்டு சைடு பேக்கும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். மணலில் ஓடுவது காலை இரட்டிப்பாக வாங்கும். முதலில் மாற்றியிருக்க வேண்டியது அவர்களை.

இந்த வாரம் கீப்பரிடம் பேசுகிறவர்கள் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டாம். பயிற்சி முடிந்ததும் ஒருவர் கார்னர் அடிக்க, அவன் லைனில் நின்று பிடிக்கட்டும், முப்பது பந்து. ஞாயிறு முழு ஓய்வு. திங்கட்கிழமை ஓட்டம் வேண்டாம், நம் ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல், அதில் வடகடல் இப்போது அமைதியாகக் கிடக்கிறது, முழங்கால் தண்ணீரில் கால் மணி நேரம் நடந்தால் தொடைப் பிடிப்பு இளகும். தென்கடல் பக்கம் போக வேண்டாம், கச்சானில் அலை கடுமை.

அடுத்த மேட்ச்சுக்கு வருகிற நண்பர்கள் டச் லைனிலிருந்து தள்ளி நில்லுங்கள், லைன்ஸ்மேன் ஓடுகிற தடம் அது. தண்ணீர் பொறுப்பு நம்முடையது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20.5 கிராம், ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர். கூடத் தண்ணீர் ஊற்றினால் பலன் குறையும், குறைத்து ஊற்றினால் வயிற்றைப் பிரட்டும். ஆளுக்கு அரை லிட்டர் என்று வைத்து, பதினெட்டுப் பேருக்கு ஒன்பது லிட்டர். அன்றைக்குக் கலக்கியது அன்றைக்கே தீர வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு எடுத்துவைக்க வேண்டாம்.