கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) ரீசெட் ஹார்டு போட்டு, பழைய நிலைக்குப் போயிட்டீங்களா? பதறாதீங்க

கமிட்டெல்லாம் (கிட்டில் பதிவு செய்த மாற்றங்கள்) காணோமேன்னு புராஜெக்ட் ஃபோல்டரை அழிச்சிட்டு கிட்ஹப்பிலிருந்து புதுசா குளோன் எடுத்துடாதீங்க, தயவுசெய்து! புஷ் பண்ணாத, அதாவது கிட்ஹப்புக்கு அனுப்பாத கமிட்டை மீட்கத் தேவையானதெல்லாம் அந்த ஃபோல்டரின் டாட் கிட் (.git) என்ற மறைவு ஃபோல்டருக்குள்ளதான் இருக்கு.

அந்த ஃபோல்டரிலேயே டெர்மினலைத் திறந்து 'கிட் ரீஃப்லாக்' (git reflog) அடிங்க. ஹெட் (நீங்க இருக்கும் கமிட்டைக் காட்டும் குறி) எங்கெல்லாம் நின்றதுன்னு புதுசு மேலே, பழசு கீழே வரும். ரீசெட் வரிக்கு நேர் கீழே உள்ள வரியின் இடது ஓர ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) காப்பி பண்ணி, 'கிட் பிராஞ்ச் மீட்பு' (git branch மீட்பு) என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு ஒட்டுங்க. கமிட்டுகள் அந்த பிராஞ்சில் வந்துடும். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுக்கு ரீஃப்லாக் பதிவு, செட்டிங் மாற்றாத வரை, 30 நாள்தான் பத்திரம். இன்னைக்கே செய்ங்க.

கமிட் பண்ணாத மாற்றம்தான் வில்லங்கம். கமிட்டுக்கு முன் கோப்பைச் சேர்க்கும் 'கிட் ஆட்' ஆவது செய்திருந்தால், 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் ஆப்ஷனோட (git fsck --lost-found) ஓட்டுங்க. டாட் கிட்டுக்குள்ள லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கோப்புகள் கிடைக்கும், ஆனா பெயர் இருக்காது, ஹாஷ்தான். ஒவ்வொன்றாத் திறந்து எது சிஎஸ்எஸ், எது பிஹெச்பின்னு பார்க்கணும்; பொறுமை வேணும், ஆனா வேலை திரும்பக் கிடைக்கும்.

ஆட்-உம் செய்யலைன்னா கிட்டால முடியாது. விஎஸ் கோடு எடிட்டரில் எழுதி சேவ் பண்ணியிருந்தா, அந்தக் கோப்பைத் திறந்து டைம்லைன் பகுதியில் பழைய சேவ் இருக்கான்னு பாருங்க.