ஸ்பிட்ஃபயர் மார்க் 4: பெயின்டுக்கு முன்னால் அடிப்பக்கம்

நாங்கள் பழுதுபார்க்கும் வண்டி 1973 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1296 சிசி, இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், எடை 800 கிலோவுக்கும் கீழே. கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை வந்த வரிசையில் இது நான்காவது. உடம்பை வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. சேஸி, அதாவது அடிச்சட்டம், மட்டும் ட்ரையம்ப்பின் இன்னொரு காரான ஹெரால்டின் சேஸியைக் குறுக்கியது. வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 91.5 அங்குலத்திலிருந்து 83 ஆனது.

இந்தக் குறுக்கலில்தான் வில்லங்கம் இருக்கிறது. ஹெரால்டு சேஸிக்கு இரு ஓரத்திலும் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு நடு முதுகெலும்பு மட்டும்தான். ஓரத்தின் பலத்தை உடம்பின் சில், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, சுமக்கிறது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்கூட சேஸியில் இல்லை, உடம்பில்தான் மாட்டியிருக்கிறது. ஆகவே சில்லில் துரு என்றால் அது அழகுக் குறை அல்ல. விற்பனைக்கு வரும் வண்டியில் பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. பட்டி வைத்துத் தேய்த்து எதையும் மறைக்கலாம். கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் நடுவில் வண்டி தொங்கிவிட்டது என்று பொருள்.

சில் வேலையை ஒரு பக்கம் முழுக்க முடித்தபின் மறுபக்கம் தொட்டோம். அதற்கும் முன்னால், கதவு மாட்டிய நிலையில் இடைவெளியைச் சரிபார்த்து, கதவுக்கு முன்னால் உள்ள ஏ தூணிலிருந்து பின்னால் உள்ள பி தூணுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய் இரண்டை வெல்டிங் வைத்துப் பூட்டினோம். இதைச் செய்யாமல் கிரைண்டரை வைத்தால் புதுத் தகடு போட்ட பிறகு கதவு மூடாது. அப்புறம் கதவை அறுப்பதா, தூணை இழுப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். சில்லில் மூன்று அடுக்கு: வெளித்தகடு, நடுவே வலுவூட்டும் தகடு, உள்தகடு. வெளித்தகட்டை மட்டும் மாற்றி நடுத்தகட்டை அப்படியே விட்ட பழைய வேலை ஒன்று இந்த வண்டியிலேயே கிடைத்தது. நடுத்தகடு கீழிருந்து இரண்டு அங்குலத்துக்கு இல்லவே இல்லை.

புதுத் தகட்டு விளிம்பில் 6 மி.மீ. துளை போட்டு, உள்ளே துத்தநாக பிரைமர் அடித்து, துளை வழியே மிக் வெல்டிங்கால் (கம்பியே உருகி நிரப்பும் வகை) நிரப்பினோம். கம்பி 0.6 மி.மீ. துளை விளிம்பிலிருந்து வெல்டிங்கைத் தொடங்கினால் மேல்தகடு மட்டும் உருகும், கீழ்த்தகட்டில் ஒட்டாது. துளையின் நடுவில், கீழ்த்தகட்டின் மேல் ஆரம்பித்துச் சுழற்றி வெளியே வர வேண்டும். ஆறிய பின் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சினோம். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பை இதற்கு மேல் தடுக்க வழியில்லை.

அடுத்து ட்ரனியன். இந்த வண்டியில் ஆளையே சாய்க்கக்கூடிய பாகம் இதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் நிற்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை நிற ட்ரனியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. மதராஸில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பக்கமும் இதே அமைப்பு, அதை ஓட்டியவர்களுக்குப் புதிதல்ல.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் எண்ணெய். எண்ணெய் ஏற்றும் முனையான நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத் தூக்குவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம், இங்கே மட்டும் அது தப்பு. கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே இறுகிக் கட்டியாகிறது. கீழே காய்ந்த மரையில் தண்ணீர் தங்குகிறது. மரையின் அடிப்பள்ளத்தில் துரு புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து, அங்கிருந்து விரிசல் ஓடுகிறது. பெரும்பாலும் வேகத்தில் உடையாது. முழு ஸ்டீயரிங் ஒடித்து, மெதுவாகப் பார்க் செய்யும்போது சக்கரம் உள்ளே மடிந்து உட்காரும்.

இந்த வண்டியின் இடப்பக்கத் தண்டை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தோம். மூன்றாவது மரையில் முடி போல ஒரு சிவப்புக் கோடு, அதாவது விரிசல். அந்தத் தண்டு குப்பைக்குப் போயிற்று. வலப்பக்கம் சுத்தம். மாட்டும்போது ஒன்று மறக்கக் கூடாது: இரண்டு பக்கமும் எதிரெதிர் மரை, மாற்றி வாங்கினால் ஏறாது. ட்ரனியனை முழுசாகத் திருகி முட்டவிட்டு, பின் ஒரு சுற்றுக்குள் தளர்த்தி, சரியான திசையில் நிறுத்த வேண்டும். முட்டிய நிலையிலேயே விட்டால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது மரை பிடித்துக்கொள்ளும்.

கீழ் போல்டு கழன்று வந்தால் அதிர்ஷ்டம்தான். அது உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு சேர்ந்து துருவேறி ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்துக் காலத்தை வீணாக்காமல் இருபுறமும் ரம்பத்தால் அறுத்துவிட்டோம். புது போல்டுக்குச் செம்பு கிரீஸ் தடவினால் அடுத்த முறை வரும்.

எண்ணெய் ஏற்றத் தனியாக ஒரு கிரீஸ் கன் வைத்திருக்கிறோம். அது எண்ணெயை ஒழுகவிடும், கீழே பழைய துணி தேவை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, மேலே ரப்பர் சீலில் எண்ணெய் கசியும் வரை அடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். கியர் எண்ணெயின் தர வகைகளில் ஜி.எல். 5-ஐத் தவிர்த்து ஜி.எல். 4 வாங்கினோம், சில ஜி.எல். 5 கலவைகளின் கந்தகம் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஆகாது.

எஞ்சினில் முதலில் பார்த்தது கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், முன்பின் அசைவு. ஒருவர் கிளட்ச்சை அழுத்த, இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டயல் கேஜில் 0.38 மி.மீ. வந்தது. இருக்க வேண்டியது 0.1 முதல் 0.2. இந்த அசைவைக் கட்டுப்படுத்த, கிராங்கைத் தாங்கும் கடைசி மெயின் பேரிங்கின் இரு முகத்திலும் அரைநிலா வடிவில் ஒவ்வொரு த்ரஸ்ட் வாஷர் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டுப் பின்பக்க வாஷர்தான் தேய்கிறது. ஒரு கட்டத்தில் மெலிந்து நழுவி, எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் விழும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். சில பவுண்டு வாஷருக்காக முழு எஞ்சின் போய்விடும்.

எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. எண்ணெயை வடித்து, சம்ப்பை இறக்கி, கடைசி மெயின் பேரிங்கின் மூடியைக் கழற்றினால் போதும். மெல்லிய கம்பியால் ஒரு நுனியைத் தள்ள, மறுநுனி வழியே வாஷர் வட்டமடித்து வெளியே வருகிறது. புதுச் சாதா அளவு வாஷர் போட்டு அளந்ததில் 0.25. பின்பக்கத்துக்கு 0.005 அங்குலம் கூடுதல் தடிமன் போட்டதும் 0.12-இல் நின்றது. வாஷரில் பள்ளக்கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் இரும்பு இரும்போடு உரசும். சம்ப்பின் முன்பக்க போல்டுகள் அலுமினியக் கட்டையில் ஏறுபவை, சற்று அழுத்தினாலும் மரை போய்விடும். இதில் ஏற்கெனவே இரண்டு போயிருந்தன, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை வைத்தோம். ட்ராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்குப் போவதுதான் இந்த வாஷருக்கு மருந்து.

வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம். இரண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது வரும் கணக்கு: முதல் வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்க வேண்டும், இரண்டாவதுக்கு ஏழாவதை. எண்ணெய் 20டபிள்யூ50, ஃபில்டரோடு நாலரை லிட்டர். எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வ் இல்லாத ஃபில்டரை மாட்டினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வரும்.

கார்புரேட்டர் எஸ்.யு.வின் எச்.எஸ்.2 வகை. ஜெட் நட்டை மேலே ஏற்றி, பெட்ரோல் வரும் குழலான ஜெட்டை விளிம்புக்குச் சமமாக்கி, இரண்டு சுற்று இறக்கித் தொடங்கினோம். எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டரின் பிஸ்டனை 0.8 மி.மீ. தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலேற்று. எஞ்சின் திணறி அணையப் போனால் குறைவு, கீழிறக்கு. லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. த்ராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் இது எதுவும் நிற்காது. தண்டின் நுனியில் கார்ப் கிளீனர் தெளித்தபோது ஐட்லிங் மாறியது, அதனால் புது தண்டும் புஷ்ஷும் போட்ட பிறகே மறுபடி ட்யூனிங். அந்தப் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேம்பருக்கு 20 கிரேடு எண்ணெய். மூடியின் மரை 6 மி.மீ. மேலே இருக்கும்போது கையில் எதிர்ப்பு தெரிந்தால் அளவு சரி.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய் அதில் நொந்துபோய் விரலால் நிமிண்டினால் உதிர்கிறது. எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று முத்திரையிட்ட குழாயாக மாற்றி, சூப்பர் கிரேடு ஈ5 போடுகிறோம். பிரேக் வேலையில் சொல்ல ஒன்றுமில்லை: புது சீல், புது ஹோஸ், டாட் 4 பிரேக் எண்ணெய்.

ஐந்நூறு மைல் ஓடிய பின் கிராங்க் அசைவு அதே 0.12. கதவு இரண்டும் ஒரு விரலால் மூடுகிறது. வலப்பக்க ட்ரனியனுக்குக் கீழே தரையில் நாலணா அளவு எண்ணெய்ப் பொட்டு. அடிமூடித் தகடு கசிகிறது என்று தோன்றுகிறது, அதைக் கழற்றி ஓரம் சுற்றி எபாக்ஸி வைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் இன்னும் ஆரம்பிக்கவில்லை.