நீலகண்ட சாஸ்திரியும் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தும்

கல்லூரியில் வரலாறு எடுத்துப் படித்தவர்களில் பலருக்கு கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி என்ற பெயர் முதலில் தேர்வு பயமாகத்தான் அறிமுகமாகியிருக்கும். எனக்கும் அப்படித்தான். நூலகத்தில் எடுத்த அவருடைய சோழர் வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு, பார்த்தால் ஏதோ ஒரு எண், ஒரு வருடம், அவ்வளவுதான். அதையெல்லாம் தாண்டி மேலே இருந்ததை மட்டும் படித்துத் தேர்வை ஒப்பேற்றினேன். அந்தப் பொடி எழுத்தில்தான் மனுஷனின் உழைப்பு முழுக்க இருக்கிறது என்று உறைக்கப் பத்து வருடம் ஆனது.

1892-இல் தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் ஆசிரியர், அப்புறம் காசி இந்து பல்கலைக்கழகம், அப்புறம் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கிய மீனாட்சி கல்லூரிக்கு முதல்வர். 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார், 1946 வரை அங்கேதான். பாண்டியர் பற்றிய புத்தகம் 1929, சோழர் பற்றியது 1935-இலும் 1937-இலும் இரண்டு தொகுதிகளாக. பிற்பாடு மைசூர் பல்கலைக்கழகம், 1957-இல் பத்மபூஷண், 1975-இல் மறைவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வாத்தியாரின் சர்வீஸ் புக், பெரிய திருப்பம் எதுவும் இல்லை.

திருப்பமெல்லாம் வேலையில்தான். ஒரு சோழர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு' இத்தனையாவது என்று ஆரம்பிக்கும், கோயிலில் நுந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்க யாரோ தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுத்தார் என்று முடிந்துவிடும். எந்தப் பரகேசரி? சோழ ராஜாக்கள் பரகேசரி, ராஜகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள், பழைய கல்வெட்டுகள் பலவற்றில் அந்தப் பட்டம் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. வருடமும் பட்டமேற்றதிலிருந்து எண்ணிய வருடம். கல்வெட்டுத் துறை 1880-களிலிருந்து படியெடுத்து எண் போட்டு வைத்திருந்த இந்த மாதிரி விளக்குக் கணக்குகளையும் நில தானங்களையும் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பொருத்தி, செப்பேடுகளோடு சரிபார்த்து, இன்னார் மகன் இன்னார், இன்ன வருடத்தில் பட்டமேற்றார் என்று ஒரு வரிசையை நிறுத்துவது சாமானியமில்லை. அவருக்கு முன்பும் அறிஞர்கள் செய்த வேலைதான், ஆனால் மொத்தமாக ஒரே கட்டிடமாக எழுப்பியவர் இவர். இன்றைக்கு ராஜராஜன், ராஜேந்திரன் என்று யூடியூபில் சவடாலாகப் பேசுகிறவர்கள் சொல்லும் ஆண்டுகளில் பாதி இவர் வழியாக வந்ததாகத்தான் இருக்கும். பெயர் சொல்ல மாட்டார்கள், அது வேறு.

குறைகள் உண்டு, சின்னக் குறைகளும் இல்லை. சமஸ்கிருதத்துக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுத்தார் என்று தமிழறிஞர்கள் அன்றே சொன்னார்கள், எனக்கும் சில அத்தியாயங்களில் அப்படித்தான் பட்டது. எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார். அதே 1892-இல் பிறந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார், பல வருடம் பள்ளிக்கூடத் தமிழாசிரியராக இருந்தவர், சோழர் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதிக்காட்டினார். சோழர் அரசு பலமான மைய அரசு என்ற சாஸ்திரியின் சித்திரத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் போட்டு உடைத்தார். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமாவும் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, சாஸ்திரி, ஸ்டைன் இரண்டு பேர் சொன்னதிலும் இடிக்கிற இடங்களைக் காட்டினார்கள். கவனித்தால் ஒரு விஷயம் தெரியும்: இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் கையாண்ட அதே கல்வெட்டுகள்தான் ஆயுதம். எந்தச் செங்கல்லை எங்கிருந்து எடுத்தேன் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், தப்பென்று தோன்றினால் போய் உருவிப் பார்த்துக்கொள்ளலாம்.

நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். உத்திரமேரூரில் சோழ ராஜா பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகளை, குடவோலைத் தேர்தல் சமாச்சாரம், அவர் 1932-இல் தனிக் கட்டுரையாகவே விரிவாக எழுதியிருக்கிறார். முதலாவது 919, இரண்டாவது 921. இரண்டே வருடத்தில் விதியை மாற்றியிருக்கிறார்கள். வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு நிற்க முதலில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள், பிறகு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. இரண்டு வருடத்தில் அந்த ஊரில் என்ன கூத்து நடந்திருக்கும் என்ற யோசனையோடுதான், வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிரந்தமும் தமிழும் கலந்த எழுத்து, புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்ததில் நாலைந்து எழுத்துதான் பிடிபட்டது. பக்கத்தில் ஒரு பையன் செல்போனில் கல்வெட்டைப் படம் எடுத்துவிட்டு, "என்னண்ணே தேடுறீங்க?" என்றான். முப்பத்தைந்து என்றேன். அவனும் ஜெராக்ஸில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இருட்டுவதற்குள் 'முப்பத' வரைக்கும் வந்தோம்.